லோனார்: செவ்வாயைப் படிக்கக் கற்றுத்தரும் பள்ளம்

விண்கல் மோதி உருவான இந்தப் பள்ளத்தின் விட்டம் ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். தக்காணப் பீடபூமியின் பசால்ட் எரிமலைப் பாறையைக் குடைந்து இது உண்டானது. நிலவின் கரிய சமவெளிகளும் செவ்வாய்த் தரையின் பெரும்பகுதியும் பசால்ட்தான். புவியில் இத்தகைய பாறையில் நன்கு நிலைத்திருக்கும் மோதல் பள்ளங்கள் மிக அரியவை.

வானிலிருந்து ஆய்வு
ஒவ்வொரு கனிமமும் வெப்ப அகச்சிவப்புக் கதிர்களைத் தனக்கே உரிய முறையில் உமிழ்கிறது. 1999இல் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளின் ஆஸ்டர் கருவி புவியின் பாறைகள் உமிழும் அக்கதிர்களைப் பதிவு செய்ய அமைக்கப்பட்டது. 2001இல் செவ்வாயை அடைந்த மார்ஸ் ஒடிசி விண்கலத்தின் தெமிஸ் கருவியும் இதே வகையானது; ஆகவே லோனாரில் கற்பதைச் செவ்வாயிலும் பயன்படுத்தலாம்.

தரையில் சரிபார்ப்பு
செவ்வாய்ப் பள்ளத்தின் கல்லை நாம் இன்னும் கையில் எடுத்துப் பார்க்க முடியாது, இங்கே முடியும். மோதலின் அதிர்ச்சியில் கண்ணாடியாக மாறிய கனிமங்களை ஆய்வகத்தில் அளந்தால், தொலைதூரக் கோளின் படத்தில் எதைத் தேட வேண்டும் என்பது தெளிவாகிறது. வயல்களும் செடிகொடிகளும் மண்ணும் இங்கே பாறையை மறைப்பதால், செயற்கைக்கோள் படத்தோடு களஆய்வும் கட்டாயம் தேவை.

உற்றுப் பாருங்கள்
தக்காணத்தில் பெரும்பாலும் கிடையாகக் கிடக்கும் எரிமலைப் பாறை அடுக்குகள், இப்பள்ளத்தின் விளிம்பில் மேலெழுந்து வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கின்றன. அது மோதலின் விசை விட்டுச்சென்ற சான்று. இங்குள்ள ஒவ்வொரு கல்லும் ஆய்வுக்குரியது; எதையும் எடுத்துச் செல்லாதீர்கள்.