கீழாநெல்லியும் காமாலையும்

காமாலைக்கு நம் பாட்டிமார் மோரில் அரைத்துக் கொடுத்த கீழாநெல்லியை மலாய்க்காரர் 'டுக்கோங் அனாக்' என்பர். இதிலுள்ள பில்லாந்தின் கசக்கும், ஹைப்போபில்லாந்தின் கசக்காது. இரண்டும் நீரில் எளிதில் கரையா. வீட்டுக் கஷாயத்தில் மிகுதியாக இறங்குவது ஜெரானீன் முதலிய துவர்ப்புப் பொருள்களே.

காமாலையை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேருக்குச் சென்னை ஆய்வாளர்கள் இதன் தூளை 30 நாள் கொடுத்தனர். 22 பேர் இரத்தத்தில் அக்கிருமியின் மேலுறைப் புரதம் பின்னர் காணப்படவில்லை. மருந்தற்ற தூள் உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு. 1988இல் 'லான்செட்' இதழ் இதை வெளியிட்டது. நமக்குப் பெருமைதான்! ஆயினும் பின்னர் தாய்லாந்தில் நடந்த சோதனையில் அப்பலன் கிட்டவில்லை.

பித்தக்குழாய்க் கல்லாலும் காமாலை வரும். அப்போது கஷாயத்தை நம்பி நாளைக் கடத்துவது ஆபத்து. அன்பர்கள் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கீழாநெல்லி குடிப்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.