அலைபாயுதே கண்ணா (பாடல்)

அலைபாயுதே கண்ணா, ஊத்துக்காடு வேங்கட கவி இயற்றியதாக வழங்கும் தமிழ்க் கீர்த்தனை. கானடா ராகத்திலும் ஆதி தாளத்திலும் அமைந்தது. கண்ணனின் குழலோசையைக் கேட்டு நிலைகொள்ளாமல் தவிக்கும் ஒரு பெண்ணின் காதல் கூற்றாக இப்பாடல் உள்ளது. இருபதாம் நூற்றாண்டில் நீடாமங்கலம் கிருஷ்ணமூர்த்தி பாகவதரால் பரவலானது. 2000ஆம் ஆண்டு மணிரத்னம் இயக்கிய ‘அலைபாயுதே’ திரைப்படத்தில் இடம்பெற்றபின் உலகெங்கும் உள்ள தமிழர்களிடம் சென்று சேர்ந்தது. இன்று பலர் இதைத் திரைப்பாடலாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். பாடலின் தோற்றம், அதன் இசை, வெவ்வேறு காலங்களில் அது பெற்ற வடிவங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் பொருளும்

‘அலைபாய்தல்’ என்பது ஓரிடத்தில் நில்லாமல் தத்தளிப்பதைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல். பாடலின் தலைவி ஓர் ஆயர்குலப் பெண். குழலோசை கேட்ட இடத்தில் நேரம் போவதே தெரியாமல் சிலைபோல் நின்றுவிடுகிறாள். இரவில் நிலவு பகலைப் போல் காய்கிறது. ஓசை வரும் திசையைத் தேடுகிறாள். முன்பு தனிமையில் அவன் தன்னைச் சேர்ந்த பொழுது நினைவுக்கு வருகிறது. காதணி ஆடுவதைப் போல் மனமும் ஆடுகிறது. முடிவில் அவள் குரல் மாறுகிறது. தான் இங்கே உருகி அழைத்துக்கொண்டிருக்க, அவன் வேறு பெண்களுடன் மகிழ்ந்திருப்பது நியாயமா என்று கேட்கிறாள். மயக்கத்தில் தொடங்கி முறையீட்டில் முடிவதே பாடலின் அமைப்பு.

ஊர்

ஊத்துக்காடு, கும்பகோணத்துக்குத் தென்மேற்கில் ஆவூரை அடுத்துள்ள சிற்றூர். தாராசுரத்திலிருந்து பட்டீஸ்வரம் வழியாகவும் செல்லலாம். வழியெங்கும் நெல்வயல்களும் வாய்க்கால்களும் உள்ளன. இவ்வூர்ப் பெருமாள் கோயிலில் உள்ள காளிங்க நர்த்தனக் கண்ணனின் ஐம்பொன் திருமேனி புகழ்பெற்றது. பாம்பின் வாலைக் கையில் பற்றியபடி அதன் தலைமேல் ஆடும் குழந்தைக் கண்ணனின் உருவம் இது. வேங்கட கவியின் பாடல்களில் கண்ணனே பெரும்பான்மையாக இடம்பெறுவதற்கு இக்கோயில் காரணமாகக் கூறப்படுகிறது.

இயற்றியவர்

வேங்கட கவி, ஊத்துக்காடு வேங்கட சுப்பையர் என்றும் அழைக்கப்படுகிறார். மரபுச் செய்திகளின்படி அவர் 18ஆம் நூற்றாண்டில், தஞ்சை மராட்டியர் ஆட்சிக் காலத்தில் வாழ்ந்தவர். அதாவது 1767இல் பிறந்த தியாகராஜருக்கு முந்தைய தலைமுறையினர். தமிழிலும் சமஸ்கிருதத்திலும் பாடல்கள் இயற்றினார். மணம் செய்துகொள்ளவில்லை. கண்ணனையே குருவாகக் கொண்டவர் என்றும், பிறர் கேட்கப் பாடுவதை விரும்பாமல் கோயில் சந்நிதியில் தனியாகப் பாடியவர் என்றும் கூறப்படுகிறது.

‘தாயே யசோதா’ (தோடி), ‘பால்வடியும் முகம்’ (நாட்டக்குறிஞ்சி), ‘ஆடாது அசங்காது வா’ (மத்தியமாவதி), ‘குழலூதி மனமெல்லாம்’ (காம்போதி) ஆகியவை அவர் பெயரில் வழங்கும் பிற புகழ்பெற்ற பாடல்கள்.

நீடாமங்கலம் கிருஷ்ணமூர்த்தி பாகவதர்

வேங்கட கவிக்கு நேரடி வாரிசு இல்லை. அவருடைய உடன்பிறந்தார் வழியில் பாடல்கள் காக்கப்பட்டதாகக் குடும்ப மரபு கூறுகிறது. அவ்வழியில் வந்த நீடாமங்கலம் கிருஷ்ணமூர்த்தி பாகவதர் கதாகாலட்சேபக் கலைஞர். இருபதாம் நூற்றாண்டில் இப்பாடல்களைத் தம் மேடைகளில் பாடி மக்களிடம் கொண்டுசென்றவர் அவரே. கச்சேரிப் பாடகர்களும் நடனக் கலைஞர்களும் அதன்பின்னரே இப்பாடல்களை எடுத்துக்கொண்டனர்.

கதாகாலட்சேபத்தில் பாட்டு தனித்து நிற்பதில்லை. கதையின் ஓர் இடத்தில் பாத்திரத்தின் மனநிலையைச் சொல்ல அது வருகிறது. ‘அலைபாயுதே’ கேட்பவருக்கு உடனே விளங்குவதற்கும், அதில் ஒரு பெண்ணின் பேச்சுக்குரல் ஒலிப்பதற்கும் இந்த மேடை வாழ்வு பொருத்தமாக இருந்தது.

இயற்றியவர் குறித்த விவாதம்

பாடல்கள் இருபதாம் நூற்றாண்டில்தான் பொதுவெளிக்கு வந்தன. அவற்றின் தமிழ் இக்காலத் தமிழுக்கு நெருக்கமாக உள்ளது. இக்காரணங்களால் இவற்றில் சிலவோ பலவோ பிற்காலத்தவை ஆகலாம் என்று ஐயம் எழுப்பியவர்கள் உண்டு. வேங்கட கவியின் வாழ்க்கையையும் பாடல்களையும் ஆராய்ந்து எழுதிய சித்திரவீணைக் கலைஞர் என். ரவிகிரண் முதலியோர், அவரை மும்மூர்த்திகளுக்கு முற்பட்ட வாக்கேயக்காரராகவே நிறுவுகின்றனர்.

வாய்மொழியாக வந்த பாடல்களுக்கு இவ்விவாதம் புதிதன்று. பாடும் ஒவ்வொருவரும் சொல்லிலும் மெட்டிலும் சிறு மாற்றங்களைச் செய்வதால், பழைய பாடலின் மொழியும் காலத்துக்கேற்ப இளமையாகிவிடுவது உண்டு. எனவே மொழியின் எளிமையை மட்டும் கொண்டு காலத்தை உறுதிசெய்வது கடினம்.

அகமரபில் பாடலின் இடம்

கண்ணனின் குழலோசை தமிழுக்கு மிகப் பழைய பாடுபொருள். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை மாயவனின் குழலைப் பாடுகிறது. பெரியாழ்வார் கண்ணன் குழலூதும் காட்சிக்கென்றே ஒரு பதிகம் பாடியுள்ளார். ஆண்டாளின் நாச்சியார் திருமொழி, கண்ணனைக் காதலனாகக் கொண்ட பெண்ணின் குரல். இவ்வரிசையில் வருவது ‘அலைபாயுதே’.

திணை மரபைக் கொண்டு பார்த்தால் இப்பாடலில் இரண்டு நிலங்கள் கலந்துள்ளன. ஆயர், காடு, மாயோன் ஆகிய மூன்றும் முல்லைக்கு உரியவை. தலைவனின் பிற பெண்டிர் தொடர்பை எண்ணித் தலைவி வருந்திக் கேட்பது ஊடல். அது மருதத்தின் உரிப்பொருள். மருதம் வயலும் வயல் சார்ந்த நிலமும். முல்லை நிலத்துக் கதையை வயல் சூழ்ந்த ஊரில் பாடிய பாடலில் மருதத்தின் உணர்வு வந்து சேர்ந்திருப்பது கவனிக்கத்தக்கது.

இசையமைப்பு

கானடா, 22ஆவது மேளகர்த்தாவான கரகரப்பிரியாவில் பிறந்த ராகம். இதன் காந்தாரம் நேராக நிற்பதில்லை, அசைவுடன் பாடப்படுகிறது. இறங்கும்போது ‘க ம ரி ச’ என்று வளைந்து வருவது இந்த ராகத்தின் அடையாளம். நிலையில்லாத மனத்தைப் பாடும் சொற்களுக்கு அசையும் சுரத்தைக் கொண்ட ராகம் பொருந்தியிருப்பதே இப்பாடலின் ஈர்ப்புக்கு முதன்மைக் காரணம்.

தியாகராஜரின் ‘சுகி எவ்வரோ’, பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரின் ‘நேர நம்மிதி’ வர்ணம் ஆகியவை கானடாவில் அமைந்தவை. திரையிசையில் ‘உத்தமபுத்திரன்’ (1958) படத்துக்காக ஜி. ராமநாதன் இசையமைத்த ‘முல்லை மலர் மேலே’ இந்த ராகத்தில் அமைந்த புகழ்பெற்ற காதல் பாடல். ஆகவே கானடாவைக் காதலோடு இணைத்துக் கேட்கும் பழக்கம் தமிழ் ரசிகர்களிடம் 2000க்கு முன்பே இருந்தது.

கச்சேரி வடிவங்கள்

கச்சேரிகளில் ‘அலைபாயுதே’ பெரும்பாலும் முதன்மை உருப்படிக்குப் பின்வரும் துக்கடா பகுதியில் பாடப்படுகிறது. மகாராஜபுரம் சந்தானம் பாடிய வடிவம் ரசிகர்களிடையே புகழ்பெற்றது. பரதநாட்டியத்தில் அபிநயத்துக்குரிய பாடலாக ஆடப்படுகிறது. புல்லாங்குழல், வீணை, மாண்டலின், சாக்சபோன் ஆகியவற்றிலும் வாசிக்கப்படுகிறது. திருமணங்களில் நாதஸ்வரக் கலைஞர்களிடம் நேயர் விருப்பமாகக் கேட்கப்படும் பாடல்களில் இதுவும் ஒன்று.

கச்சேரி வடிவங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுவது சங்கதிகளில். ஒரே வரியைப் படிப்படியாக வளர்த்துப் பாடும் வேறுபாடுகளே சங்கதிகள். ஒரு பாடகர் பல்லவிக்கு நான்கு சங்கதி பாடலாம். இன்னொருவர் இரண்டோடு நிறுத்தலாம். குருவிடம் கற்ற பாடாந்தரம் இதைத் தீர்மானிக்கிறது.

திரை வடிவம்

மணிரத்னத்தின் ‘அலைபாயுதே’ 2000 ஏப்ரல் 14 அன்று வெளியானது. ஏ. ஆர். ரகுமான் இசையமைத்தார். படத்தின் தலைப்பே பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. கல்யாணி மேனன், ஹரிணி, நெய்வேலி ராமலட்சுமி ஆகியோர் பாடினர். வீட்டாருக்குத் தெரியாமல் மணம்புரிந்துகொள்ளும் இளம் இணையரின் கதைக்கு, நிலைகொள்ளாத மனத்தைச் சொல்லும் தலைப்பு பொருந்தியது.

ரகுமான் கானடாவை மாற்றவில்லை. பழைய சாகித்தியத்தையே பயன்படுத்தினார். மாற்றம் பாடும் முறையிலும் ஒலியமைப்பிலும் இருந்தது. கச்சேரியில் ஒருவர் பாடுவதைத் திரையில் பல பெண்குரல்கள் பகிர்ந்துகொண்டன. மனோதர்மத்துக்கு இடமில்லாமல் பாடல் சில நிமிடங்களுக்குள் முடிவாக அமைந்தது. படம் தெலுங்கில் ‘சகி’ என்ற பெயரில் வெளிவந்தபோது பாடலும் தெலுங்குச் சொற்களைப் பெற்றது.

இதன்பின் பாடல் எதிர்த்திசையிலும் பயணம் செய்தது. திரையில் கேட்டவர்கள் கச்சேரியில் அதைக் கேட்க விரும்பினர். இசை வகுப்புகளுக்கு வரும் பிள்ளைகள் ஏற்கெனவே அறிந்த பாட்டாக அது ஆயிற்று. தொலைக்காட்சிப் போட்டிகளிலும் கலப்பிசை நிகழ்ச்சிகளிலும் இணையப் பதிவுகளிலும் தொடர்ந்து பாடப்படுகிறது.

மூலமும் மறுவடிவமும்

ஒருவர் முதலில் பதிவுசெய்து வெளியிட்ட பாடலை இன்னொருவர் பாடி வெளியிடுவதைக் ‘கவர்’ என்கிறோம். இதற்கு ஒரு முதல் பதிவு தேவை. ‘படகோட்டி’ (1964) படத்தில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் வந்த ‘தொட்டால் பூ மலரும்’, ‘நியூ’ (2004) படத்தில் ரகுமானால் மீண்டும் அமைக்கப்பட்டது. இங்கே மூலம் எது, மறுவடிவம் எது என்பதில் குழப்பமில்லை.

‘அலைபாயுதே’ அப்படியன்று. வேங்கட கவி பாடிய காலத்தில் ஒலிப்பதிவு இல்லை. பாகவதர் பாடியதும் தமக்குக் கிடைத்த மரபின் ஒரு வடிவமே. ஆகவே கச்சேரி வடிவம், நடன வடிவம், திரை வடிவம் ஆகிய எல்லாமே மறுவடிவங்கள்தாம். திரைப்பாடலைக் கச்சேரியில் பாடுகிறார்கள் என்று சொல்வது வரலாற்றைத் தலைகீழாக்குவது. அதேபோல், திரைப்படம் பாடலைக் கெடுத்துவிட்டது என்பதும் பொருந்தாது. ராகமும் சொல்லும் அங்கேயும் காக்கப்பட்டுள்ளன.

உலகின் பிற இடங்களிலும் இதே நிலை உண்டு. ‘ஸ்கார்பரோ ஃபேர்’ ஆங்கில நாட்டார் காதல் பாடல். பால் சைமன் அதை இங்கிலாந்தில் மார்ட்டின் கார்த்தியிடமிருந்து கற்றார். சைமனும் கார்ஃபங்கலும் 1966இல் அதைப் பதிவுசெய்தனர். ‘தி கிராஜுவேட்’ (1967) படத்தில் அது இடம்பெற்றது. அதன்பின் உலகம் அதை அவர்களுடைய பாட்டாகவே நினைக்கத் தொடங்கியது.

உரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி (1957) பாடலாசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் படைப்புக்குக் காப்புரிமை உண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், ஒரு பாடலின் முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே கவர் பதிவு செய்ய அனுமதிக்கிறது; உரிமத்தொகையும் செலுத்த வேண்டும்.

18ஆம் நூற்றாண்டுப் பாடல் என்ற அளவில் ‘அலைபாயுதே’ பொதுச்சொத்து. யாரும் பாடலாம், பதிவு செய்யலாம். ஆனால் ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அதை உருவாக்கியவருக்குத் தனி உரிமை உண்டு. எனவே பாடலைச் சொந்தக் குரலில் பாடுவது வேறு. திரைப்படப் பதிவின் இசையை எடுத்துப் பயன்படுத்துவது வேறு. பாடலைத் திரைப்பாடல் என்று மட்டும் அறிந்தவர்கள் இவ்வேறுபாட்டை எளிதில் தவறவிடுகிறார்கள்.

ஒப்பிட்டுக் கேட்கும் முறை

பாடலைப் புதிதாகக் கேட்பவர்களும் மாணவர்களும் ஒரு கச்சேரிப் பதிவு, ஒரு கருவியிசைப் பதிவு, திரைப் பதிவு ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். கவனிக்க வேண்டியவை:

1. பல்லவி எத்தனை முறை பாடப்படுகிறது, ஒவ்வொரு முறையும் என்ன மாறுகிறது.
2. காந்தார அசைவு எந்தச் சொல்லில் நன்கு கேட்கிறது.
3. சொல் இல்லாத கருவியிசையில் எந்த இடத்தில் பாடல் அடையாளம் தெரிகிறது.
4. இறுதி முறையீடு கெஞ்சலாகப் பாடப்படுகிறதா, கோபமாகப் பாடப்படுகிறதா.

நான்காவது கேள்விக்கு ஒரே விடை இல்லை. பாடகர்களும் நடனக் கலைஞர்களும் அதை வெவ்வேறாகக் காட்டுகின்றனர்.

பண்பாட்டு முக்கியத்துவம்

பக்திப் பாடல், காதல் பாடல், கச்சேரி உருப்படி, நடனப் பதம், திரைப்பாடல் என ஐந்து நிலைகளிலும் வழங்கும் தமிழ்ப் பாடல்கள் குறைவு. அவற்றுள் ‘அலைபாயுதே கண்ணா’ குறிப்பிடத்தக்கது. பாடும்போது ஊத்துக்காடு வேங்கட கவியின் பெயரையும், அதை மேடைக்குக் கொண்டுவந்த நீடாமங்கலம் கிருஷ்ணமூர்த்தி பாகவதரின் பெயரையும் குறிப்பிடுவது, பாடல் வந்த வழியைக் கேட்பவர்களுக்குத் தெரியச் செய்யும்.