இரு அறைப் பெட்டியில் கணினியை ஒன்றுசேர்த்தல்

கணினியின் உறுப்புக்களைப் பெயரிடுமாறு கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் சரியாக விடையளிப்பர். “அவ்வுறுப்பு ஏன் அவ்விடத்தில் பொருத்தப்படுகின்றது?” என்று கேட்டாலோ பலர் தடுமாறுவர். இரு அறைக் கணினிப் பெட்டியை (கேசிங்) உதாரணமாகக் கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம்.

1. வெப்பம் தோன்றும் இடங்கள்

மத்திய செயற்பாட்டு அலகும் வரைவியல் அட்டையும் நுகரும் மின்சக்தி ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக மாறுகின்றது. மின் வழங்கல் அலகும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தை 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டமாக மாற்றும்போது வெப்பத்தை வெளிவிடுகின்றது. இவ்வெப்பம் அகற்றப்படாவிடின் செயலி தனது கடிகார வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெப்பநிலை மேலும் உயர்ந்தால் கணினி தானாகவே நின்றுவிடும்.

2. இரு அறைகளின் அமைப்பு

தாய்ப்பலகை பொருத்தப்படும் தகடே பெட்டியை இரண்டாகப் பிரிக்கின்றது.

முதன்மை அறை: தாய்ப்பலகை, செயலி, நினைவகம், வரைவியல் அட்டை, விசிறிகள்.
பக்க அறை: மின் வழங்கல் அலகு, வடங்கள், பெரும்பாலும் தேக்ககச் சாதனங்கள்.

2013 இல் கோர்செயர் கம்பனி வெளியிட்ட ‘கார்பைட் எயர் 540’ இவ்வகையைச் சேர்ந்தது. அறைகள் பக்கம் பக்கமாக அமைவதால் இத்தகைய பெட்டிகள் அகலமானவை. மேசையில் கூடிய இடத்தைப் பிடிக்கும். இது இவற்றின் பிரதிகூலமாகும்.

3. விஞ்ஞானக் காரணம்

செயலியின் வெப்பம் அதன் மேலுள்ள உலோகத் தகடுகளுக்குக் கடத்தல் மூலம் செல்கின்றது. அங்கிருந்து விசிறி செலுத்தும் வளியால் மேற்காவுகை மூலம் அகற்றப்படுகின்றது. வளி ஓர் அரிதிற் கடத்தி. ஆகவே பெட்டி எவ்வளவு விசாலமாக இருப்பினும் வளி அசையாவிடின் வெப்பம் உள்ளேயே தங்கும். குளிர்விப்பது வெற்றிடமன்று, வளியோட்டமே என்பதை நினைவில் கொள்க. வடங்கள் பக்க அறைக்குச் செல்வதால் முதன்மை அறையில் வளியின் பாதை தடையின்றி இருக்கும்.

4. ஒன்றுசேர்க்கும் ஒழுங்கு

(அ) உலோகப் பகுதியொன்றைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை அகற்றுக.
(ஆ) தாய்ப்பலகையை வெளியில் வைத்தே செயலியையும் நினைவகத்தையும் பொருத்துக. நினைவகத்தின் வெட்டும் பொருத்தியின் மேடும் ஒன்றுடன் ஒன்று பொருந்த வேண்டும்.
(இ) செயலியின் மீது வெப்பக் களிம்பிட்டுக் குளிர்விப்பானைப் பொருத்துக.
(ஈ) மின் வழங்கல் அலகைப் பக்க அறையிலும் தாய்ப்பலகையை முதன்மை அறையிலும் திருகாணிகளால் இறுக்குக.
(உ) தகட்டிலுள்ள துளைகளினூடாக வடங்களை எடுத்துத் தாய்ப்பலகைக்குரிய 24 ஊசி இணைப்பையும் செயலிக்குரிய 8 ஊசி இணைப்பையும் பொருத்துக. இரண்டாவதை மறப்பது பொதுவான தவறாகும். மறந்தால் விசிறி சுழன்றாலும் திரையில் எதுவும் தோன்றாது.
(ஊ) வரைவியல் அட்டையை இறுதியாகப் பொருத்தி அதற்குரிய மின் வடத்தை இணைக்குக.

எச்சரிக்கை: மின் வழங்கல் அலகை ஒருபோதும் திறக்க வேண்டாம். மின்னைத் துண்டித்த பின்னரும் அதன் கொள்ளளவிகளில் ஆபத்தான ஏற்றம் எஞ்சியிருக்கலாம்.

மாதிரி வினா: மின் வழங்கல் அலகை வேறு அறையில் வைப்பதன் அனுகூலங்கள் இரண்டு தருக.

விடை:
1. அதன் வெப்பம் செயலியுள்ள அறைக்குள் சேர்வது குறையும்.
2. வடங்கள் வளியோட்டத்தைத் தடுக்கா.

“அழகாக இருக்கும்” என்று மட்டும் எழுதினால் அது காரணமாகாது. வெப்பத்தையும் வளியோட்டத்தையும் தொடர்புபடுத்தி விடை எழுதிப் பழகுங்கள்.