நீர் வந்த வழி

நுழையும்முன்

மழைக்காலத்தில் மகிழுந்தின் உட்தரை நனைந்திருந்தால், எங்கோ ஓட்டை விழுந்துவிட்டது என்று எண்ணுகிறோம். பெரும்பாலும் அங்கே ஓட்டை இருப்பதில்லை. திறந்திருக்க வேண்டிய வழி ஒன்று அடைபட்டிருக்கும். ஈரத்தைக் கண்ட இடத்திலிருந்து நீர் நுழைந்த இடத்தைத் தேடிச் செல்லும் முறையை இவ்வுரைப்பகுதி விளக்குகிறது.

அபிராமபுரத்தில் எங்கள் குடியிருப்புக்கு எதிரே, தூங்குமூஞ்சி மரத்தடியில், வாடகை மகிழுந்து ஒன்று இரவுதோறும் நிற்கும். கடனில் வாங்கிய வண்டி, உரிமையாளரே ஓட்டுநர். ஒரு கார்த்திகை மாதத்தில், இடப்பக்க முன்னிருக்கையின் கீழே மிதியடி நனைந்திருப்பதை அவர் கண்டார். அடைமழைக் காலமாதலால் மழைநீர் என்றே முடிவு செய்தார். பட்டறையில் கதவின் ‘பீடிங்’ மாற்றப்பட்டது. முகப்புக் கண்ணாடியின் ஓரமெங்கும் பசை பூசப்பட்டது. பல நாள் வருமானம் அதில் கரைந்தது. ஈரமோ நிற்கவில்லை. வண்டிக்குள் புழுக்க நாற்றம் ஏறவே, பயணிகள் முகம் சுளித்தனர். செயலியில் அவர் பெற்றிருந்த நன்மதிப்பெண் இறங்கியது. அக்னி நட்சத்திர வெயிலில், மேகமே இல்லாத ஒரு நாளிலும் மிதியடி நனைந்தது. “மழையே இல்லையே, பிறகு ஏது தண்ணீர்?” என்று அன்றுதான் அவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி ஆறு மாதம் தாமதித்து வந்தது.

வண்டி ஒரு பேழையன்று

மகிழுந்தை நீர் புகாத பேழையாக யாரும் செய்வதில்லை. நீர் சில இடங்களில் நுழையத்தான் செய்யும் என்று ஏற்றுக்கொண்டு, அது வெளியேறவும் வழி வைத்தே வண்டியை வடிவமைக்கின்றனர். கதவையே எடுத்துக்கொள்வோம். கண்ணாடியை ஒட்டியுள்ள இரப்பர்ப் பட்டை மழைநீரின் பெரும்பகுதியை வழித்துவிடும். எஞ்சியது கதவின் உட்கூட்டுக்குள் இறங்கும். அது கதவின் அடிவிளிம்பிலுள்ள சிறு துளைகள் வழியே சாலையில் வடிந்துவிடும். கதவின் உட்புற அலங்காரப் பலகைக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும் நெகிழித்தாள், அந்நீர் பயணிகள் அறைக்குள் வாராமல் தடுக்கிறது. ஒலிபெருக்கி பொருத்தவோ கண்ணாடியைப் பழுதுபார்க்கவோ கதவைப் பிரிப்பவர்கள், இத்தாளைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுவதுண்டு. அடுத்த மழையில் உட்தரை நனையும். பழி பீடிங்கின்மீது விழும்! கதவைத் திறந்து மூடும்போது உள்ளே நீர் அலம்பும் ஓசை கேட்டால், அடித்துளைகள் சேற்றால் மூடியுள்ளன என்று அறியலாம்.

முகப்புக் கண்ணாடியின் கீழே, வைப்பர்கள் பொருந்தியுள்ள இடத்தில், கம்பிவலை போன்ற மூடியைக் காணலாம். வெளிக்காற்று வண்டிக்குள் செல்லும் வாயில் அது. கண்ணாடியில் வழியும் மழைநீர் அதன் அடியிலுள்ள தொட்டி போன்ற பள்ளத்தில் விழுந்து, இருபுறமும் ஓடி இறங்குகிறது. நிழல்தரும் மரங்கள் மிகுந்த தெருக்களில் இந்தப் பள்ளம்தான் முதலில் தூர்ந்துபோகும். தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகளும் பெருங்கொன்றையின் மஞ்சள் இதழ்களும் வலையின் இடுக்குகளில் புகுந்து, நனைந்து, மட்கி, வடிகாலை அடைக்கின்றன. பள்ளத்தில் நீர்மட்டம் உயர்ந்தால் காற்றுவாயில் வழியே உள்ளே வழியும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்வதால், புரட்டாசி முடிவதற்குள் அப்பள்ளத்தைத் தூய்மை செய்துவிடுவது நல்லது. கூரையில் திறப்புச் சாளரம் உள்ள வண்டிகளுக்கும் இதே நிலைதான். அதன் மூலைகளிலிருந்து தூண்களுக்குள் இறங்கும் மெல்லிய குழாய்கள் தூசியால் அடைபடும்.

குளிர்சாதனம் பெய்யும் மழை

ஓட்டுநரின் கேள்விக்கு வருவோம். காற்று வெப்பமாக இருக்கும்போது மிகுதியான நீராவியைத் தாங்கும். 30 பாகை செல்சியஸில் ஈரம் நிறைந்த ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்கும். அதனை 10 பாகைக்குக் குளிர்வித்தால் ஏறத்தாழ 9 கிராம் மட்டுமே ஆவியாகத் தங்கும். மீதமுள்ள 20 கிராமுக்கு மேற்பட்டது நீராகிவிடும். குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதனால்தான். கடலோர நகரான சென்னையின் ஈரக்காற்று, குளிர்சாதனத்தின் குளிர்ச்சுருளில் ஓயாது பட்டு நீராகிறது. அந்நீர், எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலுள்ள தகட்டைத் துளைத்துச் செல்லும் ஒரு சிறு குழாய் வழியே தரையில் சொட்டுகிறது. நிறுத்திய வண்டியின் அடியில் தெளிந்த நீர் சொட்டக் கண்டு அஞ்சுவோர் உண்டு. அஞ்ச வேண்டியது, வெகுநேரம் குளிர்சாதனம் இயங்கியும் அது சொட்டாதபோதுதான்.

நம் எதிர்வீட்டு மரத்தடி வண்டியிலும் அக்குழாய் தூசியும் பாசியும் படிந்து அடைபட்டிருந்தது. அடைப்பை எடுக்கச் சில நிமிடங்களே ஆயின.

எவ்வகை நீர் என்பதைப் பல வேளைகளில் நீரே சொல்லும். மழையின்றி, குளிர்சாதனம் ஓடிய பின் தெளிந்த நீர் தோன்றினால் குழாயை நோக்க வேண்டும். நிறமும் பிசுபிசுப்பும் இனிய மணமும் இருந்தால், அது எஞ்சினைக் குளிர்விக்கும் ‘கூலன்ட்’ நீர்மம். பட்டறைக்குச் செல்வதே வழி.

தேடும் முறை

மழைநீர்தான் என்று உறுதியானால் இருவர் தேவை. ஒருவர் கைவிளக்குடன் உள்ளே அமர்ந்து மிதியடிகளை நீக்கிப் பார்த்திருக்க, மற்றவர் வெளியே குழாய்நீரை மென்மையாகப் பாய்ச்ச வேண்டும். கீழிருந்து மேலாகச் செல்வது இன்றியமையாதது. கூரையிலிருந்து தொடங்கினால் எல்லா இடங்களும் ஒருசேர நனைந்து, எது வழி என்பது தெரியாமற்போகும். கதவின் இரப்பர் விளிம்பைச் சோதிக்க ஒரு தாள் போதும். தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுக்கும்போது, எங்கே அது தடையின்றி வருகிறதோ அங்கே பிடிப்பில்லை. பின்பெட்டியில் மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியையும் திறந்து பார்த்தல் வேண்டும். பின்விளக்கின் ஓரமாக நுழையும் நீர் அங்கே மாதக்கணக்கில் தேங்கிக் கிடக்கும்.

வழியை அடைத்தபின்னும் வேலை முடிவதில்லை. தரைவிரிப்பின் அடியில் தடித்த நுரைப்பஞ்சு உண்டு. மேலே தொட்டால் உலர்ந்ததுபோல் தோன்றும். கையால் அழுத்தினால் நீர் ஊறும். நாற்றமும் பூஞ்சையும் துருவும் அங்கிருந்தே பிறக்கின்றன. நறுமணப் புட்டி வாங்கித் தொங்கவிடுவது வீண்செலவு. விரிப்பைத் தூக்கி, பஞ்சைப் பிழிந்து, கதவுகளைத் திறந்து வெயிலில் காயவைப்பதே தீர்வு. இருக்கையின் கீழுள்ள மஞ்சள்நிற இணைப்பான்கள் காற்றுப்பைக்குரியவை. அவற்றைப் பயிற்சி பெற்றவரன்றிப் பிறர் கழற்றலாகாது. அந்த ஓட்டுநர் இரண்டு நாள் வண்டியை ஓட்டாமல் உலர்த்தினார். தவணை கட்ட வேண்டியவருக்கு இரண்டு நாள் என்பது சிறிதன்று.

வெள்ளநீர்

இதுவரை கூறியது கசிவு. வெள்ளம் வேறு. 2015 டிசம்பர் 1 இரவில் அடையாறு பெருகியபோது, கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய பகுதிகளில் நின்ற வண்டிகள் மூழ்கின. அப்பட்டறிவால்தான், 2024 அக்டோபரில் கனமழை முன்னறிவிப்பு வந்தவுடன், வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரங்களில் மக்கள் தம் மகிழுந்துகளை வரிசையாக நிறுத்தினர். மூழ்கிய வண்டியின் எஞ்சினை இயக்கிப் பார்த்தல் கூடாது. காற்றைப்போல நீர் அமுங்காது. எஞ்சின் உருளைக்குள் புகுந்த நீரை பிஸ்டன் அழுத்த முற்படும்போது இணைப்புத்தண்டு வளைந்துவிடும். மின்கலத்தின் எதிர்முனை இணைப்பை நீக்கி, நீர்மட்டம் தெரியும்படி ஒளிப்படங்கள் எடுத்து, இழுவை வண்டியில் பட்டறைக்கு அனுப்புவதே முறை. மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் உள்ளவர்க்கு வெள்ளச் சேதத்திற்கு இழப்பீடு கிடையாது. முழுமைக் காப்பீடு உடையவர்க்கும், நீர் புகுந்த எஞ்சினை இயக்கியதால் நேர்ந்த சேதத்தைக் காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்பிற்கெனத் தனிக்கட்டணம் முன்பே செலுத்தியிருக்க வேண்டும்.