நார்வே கத்தோலிக்கமாகவே இருந்திருந்தால் நம் கரையில் என்ன மாறியிருக்கும்?

1537ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி நார்வேயின் கடைசிக் கத்தோலிக்கப் பேராயர் ஓலாவ் எங்கெல்பிரெக்ட்சன் கப்பலேறித் தப்பினார். மறு ஆண்டே, இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் லியர் என்ற ஊரில் இறந்துபோனார். அவர் கிளம்பியதோடு அந்த நாட்டில் ஐந்நூறு ஆண்டுக் கத்தோலிக்கம் சட்டப்படி முடிந்தது. கிட்டத்தட்ட அதே மாதங்களில், 1536-37இல், முத்துக்குளித்துறையின் பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டிருந்தார்கள். 1544 கடைசியில் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரை நெடுக நடந்து, ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முக்குவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகக் கடிதம் எழுதினார். வட கடலின் மீனவர் கையிலிருந்து நழுவிய மதம் தென்கடலின் மீனவர் கைக்கு வந்த காலம் அது.

‘நார்வே கத்தோலிக்கமாகவே நீடித்திருந்தால்?’ என்று ஐரோப்பாவில் சிலர் கற்பனைச் சரித்திரம் எழுதிப் பார்ப்பதுண்டு. திருவனந்தபுரம் ஆரியசாலையில் உட்கார்ந்து அதைக் கேட்க நமக்கென்ன வந்தது? வந்திருக்கிறது. இங்கிருந்து மேற்கே நாலைந்து கிலோமீட்டரில் வலியதுறை, பூந்துறை என்று லத்தீன் கத்தோலிக்க மீனவர் ஊர்கள். தென்கிழக்கே நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கம் போனால் லண்டன் மிஷன் வழிவந்த சி.எஸ்.ஐ. சபைகள். கரையில் ஒரு கிறிஸ்தவம், உள்நாட்டில் இன்னொன்று. இந்த இரண்டின் கதையிலும் நார்வே எங்கோ ஒரு மூலையில் நிற்கிறது. சாலைக் கம்போளத்தில் கருவாடும் மீனும் வாங்குகிறவர்கள் வீட்டுக் குழம்பில்கூட அதற்கு ஒரு பங்கு உண்டு. அது பின்னால் வரும்.

முதலில், நார்வே ஏன் மாறியது? அங்கே லூத்தரின் போதனையைக் கேட்டு ஜனங்கள் திரண்டதாகச் சொல்ல முடியாது. பெர்கன் துறைமுகத்து ஜெர்மன் வணிகர்களை விட்டால் லூத்தரனியத்துக்கு அங்கே பெரிய ஆதரவு இருக்கவில்லை. நடந்தது அரசியல். 1380 முதல் டென்மார்க்கோடு ஒரே மன்னருக்குக் கீழ் இருந்த நாடு அது. 1349இன் கொள்ளைநோய் மக்களில் பெரும்பங்கை வாரிக்கொண்டு போனதில் உள்ளூர்ப் பிரபுக்கள் வகுப்பே நலிந்துவிட்டது. நாட்டுக்கென்று பேசக்கூடிய ஒரே பெரிய அமைப்பு திருச்சபை. அதன் தலைவர் பேராயர். 1533இல் மன்னர் முதலாம் ஃபிரடெரிக் இறந்ததும் வாரிசுச் சண்டை மூண்டது. ஓலாவ் கத்தோலிக்கச் சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸின் பக்கம் சாய்ந்தார். லூத்தரன் இளவரசர் மூன்றாம் கிறிஸ்தியான் ஜெயித்தார். 1536இல் கோபன்ஹேகன் விழுந்தது. அந்த அக்டோபரிலேயே நார்வே இனி தனி ராஜ்யம் இல்லை, டென்மார்க்கின் ஒரு பகுதி என்று பிரகடனம் வந்தது. ஆயர்கள் பதவி இழந்தார்கள். திருச்சபைச் சொத்து மன்னருக்குப் போயிற்று. நிதாரோஸ் பேராலயத்தில் இருந்த, நாட்டின் பாதுகாவலரான புனித ஓலாவின் வெள்ளிப் பேழையைக்கூடக் கோபன்ஹேகனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஆட்கள் எதிர்க்காமல் இல்லை. 1613இல் ரகசியக் கத்தோலிக்கர் என்று சில போதகர்களையே விசாரித்துத் தண்டித்தார்கள். 1624இல் கத்தோலிக்கக் குருக்கள் நாட்டுக்குள் வந்தால் மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. ரோல்டால் என்ற மலைக் கிராமத்து மரக் கோயிலில் ஒரு பழைய சிலுவை. அது வியர்க்கும், அந்த வியர்வை நோய் தீர்க்கும் என்று நம்பி ஜனங்கள் ஆண்டுதோறும் கூடினார்கள். லூத்தரன் சபை அந்தக் கூட்டத்தை நிறுத்த 1835 வரை ஆயிற்று! முந்நூறு ஆண்டு ஒரு பழக்கம் உயிரோடு இருந்திருக்கிறது. ஆனால் பழக்கம் மட்டும்தான் இருந்தது. குருக்களும் இல்லை, அவர்கள் வந்தால் ஒளித்துக் காக்க ஊர் அமைப்பும் இல்லை.

இனி நம் பக்கம். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். 1661இல் கொல்லம், 1663இல் கொச்சி. புது எஜமானர்கள் கால்வினிய மதத்தார், கத்தோலிக்கத்தைச் சகிக்காதவர்கள். இலங்கையில் கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று 1658லேயே அறிவித்தார்கள். நார்வேயில் நடந்த அதே கதை இங்கும் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை.

பால்தேயுஸ் என்ற டச்சுப் போதகர் தூத்துக்குடியில் போதித்துப் பார்த்தார், பரதவர்கள் அசையவில்லை. ஏசு சபையார் எழுதிவைத்த ஒரு கதை உண்டு. சவேரியார் செத்தவர்களை எழுப்பினார், நீங்கள் அவரைவிட அதிகம் பேரை எழுப்பிக் காட்டினால் பின்னால் வருகிறோம் என்று பரதவர்கள் கேட்டார்களாம். சொன்னவர்கள் ஒரு கட்சிக்காரர்கள் என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும். ஆனாலும் தூத்துக்குடி மாறவில்லை என்பது உண்மை.

ஏன்? என் பார்வையில் இரண்டு காரணம். ஒன்று, இங்கே மதத்தைத் தாங்கியது பேராயரின் அரண்மனையோ நிலமோ அல்ல, ஊரும் சாதியும். ஜாதித்தலைவர், அவருக்குக் கீழே ஊர் ஊருக்குப் பட்டங்கட்டிகள், கோயிலில் ஜெபம் சொல்லித்தரக் கணக்கப்பிள்ளை. குரு ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் போதும், மீதியை இவர்கள் பார்த்துக்கொண்டார்கள். பிடித்த மீனில் கோயிலுக்கு ஒரு பங்கு எடுத்துவைக்கும் வழக்கம் கரையோரம் எங்கும் உண்டு. அது கடலிலிருந்து வரும் வருமானம். ஒரே பிரகடனத்தில் பறித்துக்கொள்ள நிலமா, மடமா?

இரண்டாவது காரணம் பணம். முத்துக்குளிப்பவர்கள் கோபித்துக்கொண்டு ஊரைக் காலிசெய்துவிட்டால் டச்சுக் கம்பெனிக்கு முத்து யார் எடுப்பது? வியாபாரிக்கு லாபம் முதலில், கால்வின் பிறகு. திருவிதாங்கூர்க் கரையில் இன்னொன்றும் சேர்ந்தது. டச்சுக்காரர் அதிகாரம் கோட்டைச் சுவருக்குள்தான். வெளியே ஆட்சி உள்ளூர் மன்னர்களுடையது. அவர்களுக்கு முக்குவர் எந்தச் சபை என்பதில் அக்கறை இல்லை. இலங்கையில் கதை கடுமையாக இருந்தது. 1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேஷத்தில் வந்து, ரகசியமாகப் பூசை செய்து, 1711இல் கண்டியில் இறக்கும் வரை சபையைக் காப்பாற்றினார். 2015இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது.

ஆட்சி மாறினாலும் வழக்கம் மாறாததைப் பார்க்க ஆரியசாலைக்காரர்கள் தூரம் போகவேண்டாம். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி கோட்டைக்குள் வருகிறாள். சுசீந்திரம் முன்னுதித்த நங்கை செந்திட்டையில் தங்குகிறாள். வேளிமலைக் குமாரசுவாமிக்கு இறங்குமிடம் ஆரியசாலை தேவி கோயில். 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ராஜ்யம் போயிற்று, எல்லை வந்தது. முருகன் வருவதை நிறுத்தவில்லை. களியக்காவிளையில் கேரள போலீஸ் மரியாதை செய்து அழைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, கற்பனைக்கு வருவோம். நார்வே கத்தோலிக்கமாக நீடிக்க வழி இருந்ததா? இருந்தது, ஒற்றையடிப் பாதை. 1536இல் ஐந்தாம் சார்லஸ் பிரான்சோடு போரில் மாட்டிக்கொள்ளாமல் வடக்கே படை அனுப்பியிருந்தால் ஓலாவ் தாக்குப்பிடித்திருக்கலாம். அப்போது நார்வே டென்மார்க்கிலிருந்து பிரிந்து, சக்கரவர்த்தியின் நிழலில் ஒரு தனி ராஜ்யமாகியிருக்கும். டேனிஷ் பைபிளும் டேனிஷ் எழுத்துமொழியும் அங்கே போய் உட்கார்ந்திருக்காது.

இது நம்மைத் தொடும் இடம் தரங்கம்பாடி. 1620 நவம்பரில் அந்த ஊருக்காகத் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்தவர் டேனிஷ் தளபதி ஓவே கெட்டே. அவரை அனுப்பிய நான்காம் கிறிஸ்தியான் டென்மார்க், நார்வே இரண்டுக்கும் மன்னர். அந்தக் கப்பல்களில் நார்வே ஆட்கள் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தரங்கம்பாடி கவர்னராக இருந்த பீட்டர் ஆங்கர் நார்வேக்காரர்தான். மாமல்லபுரத்தையும் தென்னாட்டுக் கோயில்களையும் அவர் நீர்வண்ணத்தில் வரைந்த படங்கள் இன்று ஓஸ்லோவில் இருக்கின்றன. இதே டேனிஷ்காரர்கள் மிளகுக்காக வர்க்கலை அருகே இடவாவிலும் பிறகு குளச்சலிலும் பண்டகசாலை வைத்திருந்தார்கள்.

1706 ஜூலை 9ஆம் தேதி லூத்தரன் மிஷனரி சீகன்பால்குவைத் தரங்கம்பாடியில் இறக்கியது இதே இரட்டை முடியாட்சி. 1714இல் கோபன்ஹேகனில் மிஷன் காரியங்களுக்கென்று ஒரு குழு அமைத்தார்கள். வடநார்வேயின் சாமி மக்களுக்குப் போதகர் அனுப்பியதும் தரங்கம்பாடியைக் கவனித்ததும் அந்த ஒரே குழுதான். அங்கிருந்து நூல் பிடித்து வந்தால் திருவனந்தபுரம் வந்துவிடும். தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி ஷ்வார்ட்ஸ் தஞ்சையில் சபை வளர்த்தார். மயிலாடி மகாராசன் சிதம்பரம் போகிற வழியில் தஞ்சையில் கிறிஸ்தவரான உறவினரைப் பார்த்து மதம் மாறி வேதமாணிக்கம் ஆனார். அவர் அழைத்து வந்த லண்டன் மிஷன் போதகர் ரிங்கல்தௌபே முதலில் தமிழ் படித்தது தரங்கம்பாடியில். 1806இல் மயிலாடியில் தொடங்கிய அந்த வேலையிலிருந்துதான் தென்திருவிதாங்கூர் லண்டன் மிஷன் சபையும், பள்ளிகளும், மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டத்தின் ஒரு பக்கமும்.

நார்வே பிரிந்திருந்தால் இவையெல்லாம் இல்லாமலே போயிருக்குமா? அப்படிச் சொன்னால் மிகை. மரம், தாமிரம், மாலுமி என்று நார்வே கொடுத்ததெல்லாம் இல்லாத டென்மார்க் இவ்வளவு தூரம் கப்பல் விடத் திணறியிருக்கும். மிஷனரிகளோ ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஆட்கள். தரங்கம்பாடி கிடைக்காவிட்டால் ஆங்கிலேயர் சென்னை வழியாக ஒரு தலைமுறை தாமதித்து வந்திருப்பார்கள் என்றே தோன்றுகிறது. அச்சு விஷயத்திலும் அவசரப்படக் கூடாது. சீகன்பால்குவுக்கு முன்பே, 1578இல், இந்தியாவில் முதல் தமிழ்ப் புத்தகமான ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சானது. அச்சிட்டவர்கள் கத்தோலிக்க ஏசு சபையார்.

அதே கொல்லத்துக்குப் பக்கத்தில்தான் நார்வே நேராகவே வந்து இறங்கியது. 1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, 1953இல் நீண்டகரை, சக்திகுளங்கரையில் இந்தோ-நார்வீஜியன் திட்டம் தொடங்கிற்று. நார்வேயின் முதல் வெளிநாட்டு உதவித் திட்டம் இது. சக்திகுளங்கரை பெரும்பாலும் லத்தீன் கத்தோலிக்கர் ஊர். இயந்திரப் படகு, நைலான் வலை, ஐஸ் பிளாண்ட், ஆஸ்பத்திரி எல்லாம் வந்தன. முதலில் உள்ளூர் வள்ளங்களுக்கே இன்ஜின் பூட்டிப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. புதுப் படகு கட்டினார்கள். புதுப் படகுக்கு அலை இல்லாத முகத்துவாரம் வேண்டும். நீண்டகரையில் இருந்தது, திருவனந்தபுரத்தின் திறந்த மணற்கரையில் இல்லை. அதனால் பூந்துறைக்காரர் கட்டுமரத்தோடு நின்றார்கள், நீண்டகரை டிராலர் வைத்து இறால் அள்ளியது. 1960களில் அமெரிக்காவுக்கு இறால் ஏற்றுமதி சூடுபிடித்ததும், மீனுக்கென்று வந்த திட்டம் இறால் பக்கம் திரும்பிவிட்டது. 1972இல் நார்வேக்காரர்கள் விடைபெற்றார்கள்.

டிராலர்கள் கரையோரம் வந்து சிறு மீன்களையும் அள்ளியபோது எதிர்த்து நின்றவர்களில் கத்தோலிக்கக் குருக்களும் கன்னியாஸ்திரிகளும் முன்வரிசையில் இருந்தார்கள். திருவனந்தபுரத்தில் தாமஸ் கோச்சேரி அடிகள் உண்ணாவிரதம் இருந்தார். டிராலர் முதலாளிகளிலும் கத்தோலிக்கர் உண்டு. ஒரே சபைக்குள் இரண்டு கட்சி. 1988இல் கேரள அரசு மழைக்கால டிராலிங் தடையைக் கொண்டுவந்தது. ஜூன், ஜூலையில் சாலைக் கம்போளத்தில் மீன் விலை ஏறுவதற்கு இன்றும் அதுவே ஒரு காரணம்.

கத்தோலிக்க நார்வேயாக இருந்திருந்தால் இந்தப் படகுகள் வந்திருக்குமா? வந்திருக்கும் என்கிறேன். நார்வேக்கு மீன் தெரியும். அதற்கு மதம் தடையில்லை. வேடிக்கை என்னவென்றால், நார்வே மீனவர் லூத்தரன் ஆன பிறகும் அவர்கள் உலர்த்திய காட் மீனை வாங்கியதில் பெரும்பங்கு ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலிக் கத்தோலிக்கர்கள்தான். தவக்காலத்தில் இறைச்சி கூடாது, மீன் கூடும். மதம் மாறிய நாடு, மாறாத நாடுகளின் ஒருசந்தியை நம்பிப் பிழைத்தது.

நார்வே கத்தோலிக்கத்துக்குக் கதவு திறக்க நாளாயிற்று. 1814 அரசியல் சாசனம் ஏசு சபையினரை நாட்டுக்குள் விடக் கூடாது என்றது. 1843இல்தான் தலைநகரில் ஒரு கத்தோலிக்கப் பங்கு அனுமதிக்கப்பட்டது. ஏசு சபை மீதான தடை நீங்கியது 1956இல். அதே ஆண்டு, யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் நார்வே போய்ச் சேர்ந்தார். மீன்பிடித் தொழில் கற்று, பிறகு நார்வே உதவியோடு காரைநகரில் படகு கட்டும் தளம் அமைய வழிசெய்தார். நார்வேத் தமிழரின் கதை அவரிலிருந்து தொடங்குகிறது. இன்று அந்த நாட்டில் கத்தோலிக்கர் சிறுபான்மையினர். அவர்களிலும் பெரும்பாலோர் போலந்து, பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள். டச்சுக்காரரின் ஆணைக்கு மசியாத யாழ்ப்பாணக் கரையின் தமிழர்களும் அவர்களில் சேர்த்தி.