பஞ்சாயத்தும் பல்கலைக்கழக ஆராய்ச்சியும்

கையில் நோட்டுப் புத்தகத்துடன் ஒருவர் ஊர்ச் சாவடிக்கு வந்து, "உங்கள் கிணறு எத்தனை அடி ஆழம்? ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டது?" என்று வினவினால் நாம் என்ன செய்கிறோம்? வரி விதிக்க வந்தவர் என்று அஞ்சி விளைச்சலைக் குறைத்துச் சொல்வோர் உண்டு. மானியம் வருமென்று நம்பிக் கஷ்டத்தைக் கூட்டிச் சொல்வோரும் உண்டு. இரண்டாலும் நஷ்டம் ஊருக்கே. இதனைத் திருவண்ணாமலைச் சீமையில் நடந்த ஆராய்ச்சிகளைக் கொண்டே விளக்க விரும்புகிறோம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ஆம் ஆண்டில் தம் மாணவர்களைக் கொண்டு கிராமங்களைக் கணக்கெடுக்கச் செய்தார். 1918-இல் நூலாக வெளிவந்த அவ்வாராய்ச்சியில் இடம்பெற்ற ஊர்களுள் தூசியும் ஒன்று. காஞ்சிபுரத்தை அடுத்துள்ள அவ்வூர் இன்று திருவண்ணாமலை ஜில்லாவைச் சேர்ந்தது. 1936-37-இல் மறு ஆய்வு நடந்தது. பின்னரும் அறிஞர்கள் அங்கு வந்தனர். தன் பாட்டன் காலத்து நிலவரத்தை எழுத்தில் காணும் வாய்ப்பு எத்தனை ஊர்களுக்குக் கிட்டும்?

இதைவிட நமக்கு நெருக்கமானது 1970-களில் நடந்த ஆராய்ச்சி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பி. எச். ஃபார்மர் தலைமையில், சென்னைப் பல்கலைக்கழகத்தாரும் இலங்கை அறிஞர்களும் கூடி, அன்றைய வட ஆர்க்காடு ஜில்லாவின் கிராமங்களையும் இலங்கையின் அம்பாந்தோட்டைப் பகுதியையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். தமிழரும் சிங்களரும் ஆங்கிலேயரும் ஒரே வினாவுக்கு விடை தேடினர்: புதிய நெல் ரகங்களால் யாருக்கு என்ன நன்மை?

அவர்கள் கண்டவற்றுள் இரண்டு செய்திகள் நாம் மறக்கத்தகாதவை. புதிய ரகம் பயிரான பரப்பு, அலுவலகக் கணக்கில் கண்டதைவிடக் கழனியில் மிகக் குறைவாக இருந்தது. தவறான கணக்கின்மேல் திட்டம் தீட்டினால் உரமும் கடனும் எங்கே போய்ச் சேரும்? மற்றொன்று கிணற்று நீர். நமது பகுதி பாறை நிலம். மேலே சிதைந்த பாறையிலும் கீழே வெடிப்புகளிலும் தங்கும் நீரே நமக்குள்ள சேமிப்பு. ஒருவர் கிணற்றை ஆழப்படுத்திப் பம்பு செட்டு ஓட்டினால் அடுத்த கிணறு வற்றக்கூடும், அவரும் ஆழப்படுத்துவார், கடன் ஏறும், நீர் இறங்கும். இப்போக்கு நீடித்தால் ஆபத்து என்று அவ்வாராய்ச்சியாளர்கள் அன்றே எச்சரித்தனர்.

1980-களில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அதே கிராமங்களுக்கு மீண்டும் சென்றனர். அப்போது புதிய ரகங்கள் பெரும்பாலான கழனிகளில் பரவியிருந்தன; சிறு விவசாயிகளும் பயன் பெற்றிருந்தனர். 1990-களில் ஆரணியை அடுத்த நேசல், விநாயகபுரம், வீரசம்பனூர் ஆகிய ஊர்களில் மறு ஆய்வு நடந்தபோது, நிலத்தடி நீரின் சரிவு பெருங்கவலையாகியிருந்தது.

இங்கே ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. விடை சொன்னவர் தமிழில் சொன்னார்; நூல்களோ ஆங்கிலத்தில் வெளிவந்தன. கிணற்றுக்குரியவருக்கே எட்டாத எச்சரிக்கையால் என்ன பயன்?

ஆகவே இனி ஆராய்ச்சியாளர் வரும்போது பஞ்சாயத்து ஒதுங்கி நிற்றல் கூடாது. நோக்கம் யாது, யார் பொருளுதவி செய்கிறார்கள், விடை கூறுவோர் பெயர் மறைக்கப்படுமா என்று முதலிலேயே கேட்கலாம். முடிவுகளைத் தமிழில் எழுதித் தரவும், கிராம சபையில் வந்து விளக்கவும் ஒப்புக்கொள்ளச் சொல்லலாம். இவற்றை ஒரு தீர்மானமாகவே எழுதிக்கொள்வது நலம். உண்மை விடை தருவது நம் பங்கு.

அவர்கள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை. ஊரில் மேட்டிலும் பள்ளத்திலுமாகப் பத்துக் கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். கயிற்றில் கல்லைக் கட்டி, கிணற்று விளிம்பிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்று தை மாதத்தில் ஒரு முறையும், கோடையில் சித்திரையில் ஒரு முறையும் அளந்து, தேதியுடன் ஒரு பதிவேட்டில் குறியுங்கள். பம்பு ஓடி நின்றவுடன் அளக்கலாகாது. இரவு ஓய்ந்த பின், விடியற்காலையில் அளப்பதே சரியானது. ஐந்து வருஷக் கணக்கு சேர்ந்ததும் அதன் பிரதியொன்றைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, எங்கே தடுப்பணை கட்டலாம், எந்த ஏரியை முதலில் தூர் வாரலாம் என்று கேளுங்கள். மூலப் பதிவேடு பஞ்சாயத்து அலுவலகத்திலேயே இருக்கட்டும்.