ஈரலழற்சிக் கிருமியின் பாடபேதங்கள்

ஏட்டுச் சுவடியைப் பெயர்த்தெழுதுவோன் ஓரெழுத்தைப் பிழைபட எழுதின், அப்பிழை பின்வரும் பிரதிகளிலெல்லாம் தொடர்தலைத் தமிழ் பயிலும் யாம் நன்கறிவோம். ஒற்றுக்குப் புள்ளியிடாத ஏடுகளால் எம் வகுப்பில் நேரும் மயக்கம் கொஞ்சமன்று. ஹெபடைடிஸ் பி என்னும் ஈரலழற்சியை விளைக்கும் வைரஸும் ஒரு சுவடியை யொத்ததே. அதன் மரபுச்செய்தி ஏறக்குறைய 3,200 எழுத்துக்களால் ஆயது. ஈரலணுவினுள் அது முதலில் ஆர்.என்.ஏ.யாகவும், பின்னர் மீண்டும் டி.என்.ஏ.யாகவும் பெயர்த்தெழுதப்படும். இப்பின்னைய வேலையைச் செய்யும் நொதிக்குப் பிழை திருத்தும் ஆற்றலில்லை. ஆதலின் பாடபேதங்கள் மலிகின்றன.

வயதுவந்தோரைப் பற்றின் இந்நோய் நூற்றில் ஐவரளவிலேயே நிலைபெறும். பிறக்கும்போதே தாயிடமிருந்து பற்றின் நூற்றில் 90 குழந்தைகளிடம் நிலைத்துவிடும். அத்தகைய குழந்தைக்குப் பெரும்பாலும் காமாலை தோன்றாது, ஓடியாடித் திரியும். அதன் உடற்காவலும் கிருமியைப் பகையென்று கொள்ளாது உறங்கும். ஆண்டுகள் பல கழிந்து காவல் விழித்துப் போர் தொடுக்குங்காலே, அதற்குத் தப்பவல்ல பேதங்கள் மேலெழும். 1896-ஆம் எழுத்தொன்று மாறின், 'இ' எனும் புரதம் உண்டாவதில்லை. இரத்தத்தில் அஃது இல்லாமை கண்டு நோய் தணிந்ததென மகிழ்தல் கூடாது. கிருமி உள்ளே பெருகிக்கொண்டிருத்தலுமுண்டு.

இன்னொரு பேதம் அச்சந் தருவது. மேலுறைப் புரதத்தின் 145-ஆம் இடத்துக் கிளைசின் போய் ஆர்ஜினைன் புகுந்ததை, இத்தாலியில் தடுப்பூசி பெற்றும் நோயுற்ற குழந்தையொன்றிடங் கண்டு 1990-இல் வெளியிட்டனர். அதுகொண்டு ஊசி பயனற்றதென்பார் தைவானின் தைபே நகரை நோக்குக. அங்கே 1984-இல் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துக் குழந்தைகளிடம் இருந்த நோய், ஊசி பரவியபின் 1994-இல் ஒன்றளவாகக் குறைந்தது. எஞ்சிய சிலருள் பேதமுடையோர் விகிதம் கூடியதென்பதும் மெய்யே.

நிற்க. எம் அம்பத்தூர்த் தெருவில் இக்கிருமியை உடலிற் கொண்ட தாயொருத்தி சென்ற ஆண்டு மகப்பெற்றாள். பிறந்த அன்றே ஊசி என்றதும் பாட்டியார் தடுத்தார். “பச்சையுடம்பில் ஊசியா, அம்மா? காமாலை வந்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாற் போகிறது” என்றார். கீழாநெல்லி நற்பயன் தந்ததாகச் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் பிளம்பெர்க்குடன் கூடி 1988-இல் வெளியிட்டதுண்டு. பிறவிடத்துச் சோதனைகள் அதனை உறுதிசெய்தில. தமிழ்நாட்டில் 2011 டிசம்பர் முதல் வழங்கும் பெண்டாவேலண்ட் ஊசியிலும் இம்மருந்து உளது. ஆயின் அதன் முதல் தவணை ஆறாம் வாரத்திலன்றோ? அதற்குள் கிருமி படியெடுக்கத் தொடங்கிவிடும். ஆதலாலேயே 24 மணி நேரத்துள் ஊசி வேண்டப்படுகிறது.

செவிலியார் பொறுமையாக எடுத்துரைக்க, மாலைக்குள் ஊசி இடப்பட்டது. குழந்தைக்கு இப்பொழுது ஒன்பது திங்கள் நிரம்பியது. இரத்தச் சோதனை அடுத்த வாரம்.